புதுக் கணிப்பொறியும் பேசாத விசைப்பலகையும்

உறுப்புகளைத் தனித்தனியே விலைக்கு வாங்கி வந்து, விடுதி அறையிலேயே கணிப்பொறியை அமைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மாணவரிடையே வேரூன்றி வருகிறது. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு என்று ஊர்தோறும் இதற்கென அங்காடிகள் உண்டு. செலவு ஓரளவு குறைகிறது. வேண்டிய உறுப்பை வேண்டிய தரத்தில் தேர்ந்துகொள்ள முடிகிறது. யாவற்றுக்கும் மேலாக, நம் கையால் அமைத்த பொறி என்னும் மகிழ்ச்சி கிட்டுகிறது. ஆயின், அம்மகிழ்ச்சியைக் கெடுக்க முதலில் வந்து நிற்கும் குறை ஒன்று உண்டு. விசிறிகள் சுழல்கின்றன, திரையில் எழுத்துத் தோன்றுகிறது, விசைப்பலகையை அழுத்தினால் மட்டும் மறுமொழி இல்லை. பொறிக்குப் பலகை இருப்பதே தெரியவில்லை.

பழைய கணிப்பொறிகள் இந்நிலையில் வேடிக்கையான அறிவிப்பு ஒன்றைக் காட்டுவதுண்டு. "விசைப்பலகை காணப்படவில்லை, தொடர்வதற்கு எஃப் 1 விசையை அழுத்துக" என்பது அதன் பொருள். இல்லாத பலகையில் எந்த விசையை அழுத்துவது? உலகெங்கும் கணிப்பொறி மாணவர் சொல்லிச் சிரிக்கும் செய்தி இது. ஆனால், பல மாதம் மிச்சம் பிடித்த பணத்தைக் கொட்டிப் பொறி வாங்கியவருக்கு, அந்த நேரத்தில் சிரிப்பு வருவதில்லை. "தாய்ப்பலகை போய்விட்டது" என்று யாரேனும் சொல்ல, அவரும் நம்பி, மேலும் சில ஆயிரங்களைச் செலவழிக்கத் துணிந்துவிடுகிறார்.

கடந்த சில ஆண்டுகளாக எங்கள் விடுதியில் இத்தகைய பொறிகள் பலவற்றைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவற்றிலிருந்து நான் தெளிந்த கருத்து ஒன்றுதான். "விசைப்பலகை வேலை செய்யவில்லை" என்பது ஒரு நோயின் பெயர் அன்று; பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. காய்ச்சல் என்றவுடன் மருந்து கொடுப்பவர் நல்ல மருத்துவர் ஆகார். எப்போது வந்தது, எந்த வேளையில் ஏறுகிறது என்று கேட்பவரே நோயின் முதலைக் காண்பார். அதுபோல நாமும், "பலகை எந்தக் கட்டத்தில் மௌனமாகிறது?" என்று முதலில் கேட்க வேண்டும். இக்கேள்விக்கு விடை தெரிந்தால், பாதி வேலை முடிந்தது எனலாம்.

பொறி பலகையை எவ்வாறு அறிகிறது?

குறையைத் தேடுமுன் முறையை அறிதல் நலம். இன்று நாம் வாங்கும் விசைப்பலகை பெரும்பாலும் யு.எஸ்.பி. வகையைச் சேர்ந்தது. 1996-ஆம் ஆண்டு வெளிவந்த ஏற்பாடு இது. இதன் கம்பியினுள் அடிப்படையாக நான்கு இழைகள் உள்ளன. ஒன்று 5 வோல்ட் மின்சாரம் தருவது. ஒன்று மின்சாரம் திரும்பிச் செல்வது. எஞ்சிய இரண்டும் செய்தி போக்குவரத்துக்கு உரியவை.

பலகையைச் செருகியவுடன், அச்செய்தி இழைகளுள் ஒன்றை, 1.5 கிலோ ஓம் தடையின் வழியாகப் பலகை சற்று உயர்ந்த மின்னழுத்தத்துக்கு இழுக்கிறது. வகுப்பில் மாணவர் ஒருவர் கையை உயர்த்துவது போன்ற செயல் இது. கை உயர்ந்ததைப் பொறி காண்கிறது, "நீ யார்?" என்று வினவுகிறது. "நான் விசைப்பலகை, இன்ன கம்பெனியின் படைப்பு, இவ்வளவு மின்சாரம் வேண்டும்" என்று பலகை கூறுகிறது. பொறி அதற்கு ஓர் எண்ணைச் சூட்டித் தன் பேரேட்டில் பதிந்துகொள்கிறது. அதன் பின், "ஏதேனும் விசை அழுத்தப்பட்டதா?" என்று விநாடிக்கு 100 முறைக்கும் மேலாகப் பொறிதான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யு.எஸ்.பி. பலகை தானாக வாய் திறப்பதில்லை, கேட்டால்தான் சொல்லும்.

இதற்கு முந்திய பி.எஸ்/2 என்னும் வகை வேறு விதமானது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பொறிகளில் கொண்டுவந்த வட்டவடிவ இணைப்பு இது. விசையை அழுத்தியவுடன் பலகையே பொறியின் தோளைத் தட்டிச் செய்தி சொல்லும். இதற்குப் பேரேட்டுப் பதிவும் எண் சூட்டலும் தேவையில்லை. ஆகவே, யு.எஸ்.பி. பலகை தடுமாறும் இடங்களிலும் பி.எஸ்/2 பலகை பெரும்பாலும் பேசிவிடுகிறது. புதுத் தாய்ப்பலகைகள் சிலவற்றில் இந்த இணைப்பு இன்னும் இருக்கிறது. ஒன்று நினைவிருக்கட்டும்: பி.எஸ்/2 பலகையைப் பொறி ஓடும்போது செருகுதல் கூடாது. நிறுத்திவிட்டுச் செருகியே இயக்க வேண்டும்.

இதிலிருந்து விளங்குவது யாது? பலகை பொறிக்குத் தெரிய வேண்டுமானால் மூன்று நிகழ வேண்டும். மின்சாரம் வர வேண்டும். உயர்த்திய கையைக் காணும் வழி திறந்திருக்க வேண்டும். மறுபக்கத்தில் கேள்வி கேட்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் பலரும் மறந்துவிடுவது. கேள்வி கேட்பவர் பொறி இயங்கத் தொடங்கியதிலிருந்து அடிக்கடி மாறுகிறார். முதலில் தாய்ப்பலகையில் பதித்துள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல்; பிறகு விண்டோஸ் அல்லது லினக்ஸை நிறுவும் நிரல்; முடிவில் நிறுவப்பட்ட விண்டோஸ் அல்லது லினக்ஸ். ஒருவர் பலகையோடு நன்றாகப் பேசுவார். அடுத்தவருக்கு அதன் மொழி தெரியாமற் போகலாம்.

ஒரு விளக்குச் சோதனை

எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றை முதலில் சொல்கிறேன். பலகையில் நம் லாக், கேப்ஸ் லாக் என இரு விசைகள் உள்ளன. அவற்றுக்கெனச் சிறு விளக்குகளும் உள்ளன. விசையை அழுத்தியதும் விளக்கைப் பலகையே ஏற்றிக்கொள்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. விசை அழுத்தப்பட்ட செய்தி பொறிக்குச் செல்கிறது. "விளக்கை ஏற்று" என்னும் கட்டளை பொறியிலிருந்து திரும்பி வருகிறது. அதன் பிறகே விளக்கு எரிகிறது. எனவே நம் லாக்கை அழுத்தும்போதெல்லாம் விளக்கு எரிந்தும் அணைந்தும் வந்தால், போக்கும் வரவும் நன்றாக உள்ளன. பலகையும் செருகிய இடமும் குற்றமற்றவை என்று துணியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளையாட்டுக்கென விற்கும் பலகைகளில் விசைகளின் அடியில் பல வண்ண விளக்குகள் ஒளிர்கின்றன. அவ்வொளி, மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று; பொறி பலகையை அறிந்துகொண்டது என்பதற்குச் சான்றாகாது. பொறியை நிறுத்திய பின்னும் சில செருகுவாய்களில் மின்சாரம் இருக்கும். அப்போதும் வண்ண விளக்கு எரியும். அதை நம்பி ஏமாறுதல் கூடாது.

முதல் நிலை: பொறியே விழிக்காதபோது

விசிறி சுழல்கிறது, ஆனால் திரை இருண்டிருக்கிறது, நம் லாக் விளக்கும் மாறவில்லை என்றால், குறை விசைப்பலகையில் இல்லை. கேள்வி கேட்க வேண்டிய பயாஸே இன்னும் விழிக்கவில்லை. இந்நிலையில் பலகையை மாற்றி மாற்றிச் செருகிப் பயனில்லை.

புதிதாக அமைத்த பொறி விழிக்காமைக்குக் காரணங்கள் சிலவே. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து பிராசசருக்கென வரும் 8 முனைக் கம்பி, தாய்ப்பலகையின் மேல் மூலையில் செருகப்படாமல் விடுபட்டிருக்கலாம். ரேம் பட்டை முழுவதும் இறங்காமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கலாம். தாய்ப்பலகை பழையதாகவும் பிராசசர் அதற்குப் பின் வந்ததாகவும் இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 2018-இல் வந்த பி450 வகைப் பலகையில், 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசசரை வைத்தால், பயாஸைப் புதுப்பிக்கும்வரை அது கண் திறவாது. மற்றொன்று: சில பிராசசர்களில் படம் காட்டும் பகுதி கிடையாது. இன்டெல் பிராசசர்களுள் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ளவை இத்தகையன. அவற்றைப் பூட்டிவிட்டுத் திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் செருகினால் திரை இருண்டே இருக்கும். உள்ளே பொறி நலமாகவே ஓடும். அப்போது நம் லாக் விளக்கு மாறும். திரை இருண்டிருந்தும் விளக்கு மாறுகிறதென்றால், பொறி விழித்துவிட்டது, குறை திரைப் பக்கம் என்று அறிந்துகொள்ளலாம். இச்சிறு விளக்கு எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்!

டி.டி.ஆர்.5 வகை ரேம் உள்ள பொறிகளுக்குப் பொறுமையும் வேண்டும். முதன்முதலாக இயக்கும்போது, ரேமைப் பழக்கிக்கொள்ள அவை சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. அவ்வளவு நேரமும் திரை இருண்டிருக்கும், பலகையும் பேசாது. அவசரப்பட்டு நிறுத்திவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பல தாய்ப்பலகைகளின் ஓரத்தில் பிராசசர், ரேம், திரை, தொடக்க வட்டு ஆகிய நான்கிற்கும் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எது அணையாமல் எரிகிறதோ, அங்கேதான் பொறி நின்றுவிட்டது என்று பொருள்.

இரண்டாம் நிலை: பயாஸின் வாயிலில்

திரையில் தாய்ப்பலகைக் கம்பெனியின் சின்னம் தோன்றுகிறது, டெல் விசையையோ எஃப் 2 விசையையோ அழுத்தினால் பயாஸ் திறக்க வேண்டும், திறக்கவில்லை. பெரும்பாலோர் சிக்கிக்கொள்ளும் நிலை இதுவே. இங்கே விரிவாகப் பார்ப்போம்.

முதற்கண், பலகையைக் கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்கத்தில் செருகுக. பின்பக்கச் செருகுவாய்கள் தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து இணைந்தவை. இடையில் கம்பி கிடையாது. முன்பக்கத்தவை அப்படியல்ல. கேபினெட்டிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டுச் சென்று, தாய்ப்பலகையில் உள்ள ஊசிகளின் மேல் அமர வேண்டும். யு.எஸ்.பி. 2.0-க்கு 9 ஊசிகள், 3.0-க்கு 19 ஊசிகள். புதிதாக அமைப்பவர் அக்கம்பியைச் செருக மறத்தல் இயல்பு. மறந்தால் முன்பக்கச் செருகுவாய் வெறும் அலங்காரமே. 19 ஊசிக் கம்பி தடித்தது, எளிதில் வளையாதது. கோணலாக அழுத்தினால் ஊசி மடங்கிவிடும். மடங்கிய ஊசி பக்கத்து ஊசியைத் தொட்டால் வரும் கேடு வேறு.

இரண்டாவதாக, பின்பக்கத்திலும் ஒரே செருகுவாயோடு நின்றுவிடலாகாது. கேபினெட்டின் பின்புறத்தில் பொருத்தும் மெல்லிய தகட்டை நினைத்துப் பாருங்கள். அதன் விளிம்பில் சிறு தகட்டு நாக்குகள் உள்ளன. தாய்ப்பலகையை உள்ளே வைக்கும்போது இந்நாக்குகளுள் ஒன்று செருகுவாயின் மேலே படிய வேண்டியது, அதன் உள்ளே நுழைந்துவிடுவதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. பலகையின் முனை சரியாக இறங்காது. அல்லது உள்ளிருக்கும் மின்முனையை அந்நாக்கு தொடும். அவ்வாறு தொட்டால், யு.எஸ்.பி.யில் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் என்ற எச்சரிக்கையைக் காட்டிச் சில பொறிகள் தாமே நின்றுவிடும். கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நாக்கு உள்ளே இருப்பின், தாய்ப்பலகையைக் கழற்றி மீண்டும் ஒழுங்காக வைப்பதே முறை. மின்சாரம் இருக்கையில் திருப்புளியால் குத்தி எடுக்க முயலுதல் பெருந்தவறு.

மூன்றாவதாக, பின்பக்கச் செருகுவாய்கள் எல்லாம் ஒரே தலைவனுக்கு உட்பட்டவை அல்ல. சில நேரே பிராசசரோடு இணைந்தவை; சில சிப்செட் என்னும் துணைச் சில்லின் வழியே செல்பவை. ஆகவே கறுப்பு நிற யு.எஸ்.பி. 2.0 வாய் ஒன்றிலும், நீல நிற 3.0 வாய் ஒன்றிலும், வெவ்வேறு அடுக்குகளில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரு வாயைப் பல வாயாக்கும் ஹப் முதலியவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

நான்காவதாக, பலகையின் வகையை நோக்குக. புளூடூத் பலகை பெரும்பாலான பொறிகளில் பயாஸின் முன் ஊமையே. விண்டோஸோ லினக்ஸோ ஏறி, அதனோடு பழக்கம் ஏற்படுத்திய பிறகே அது பேசும். சிறு டாங்கிளோடு வரும் கம்பியில்லாப் பலகை வேறு. அந்த டாங்கிள் தன்னையே யு.எஸ்.பி. பலகையாக அறிவித்துக்கொள்வதால் பயாஸிலும் பேசும். இனி, விலையுயர்ந்த விளையாட்டுப் பலகைகள். பயாஸுக்குத் தெரிந்தது விசைப்பலகையின் பாலபாடம் மட்டுமே. ஒரே வேளையில் 6 விசைகளும், ஷிஃப்ட், கன்ட்ரோல் முதலிய 8 துணை விசைகளும் அடங்கிய 8 பைட் செய்தி அது. விளையாட்டுப் பலகைகள் சில, எல்லா விசைகளையும் ஒருங்கே அழுத்தினும் தெரிவிக்கும் விரிந்த மொழியில் பேசுகின்றன. பயாஸ் அதை உணராது விழிக்கிறது. இதற்கென அவற்றின் பின்புறத்தில் ஒரு மாற்று விசையோ, குறிப்பிட்ட இரு விசைகளை ஒருங்கே அழுத்தும் முறையோ தரப்பட்டிருக்கும். பலகையோடு வந்த தாளைப் பார்த்தால் தெரியும். அது இயலாவிடின், எளிய கம்பிப் பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பதே தலைசிறந்த சோதனை.

ஒரு நண்பரின் அனுபவம்

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டா. நம் தமிழ் மாணவர் ஒருவர், பொருளாதார ஆராய்ச்சி செய்பவர், சென்ற ஆண்டு புதுப் பொறி அமைத்தார். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை வழிகாட்டியிடம் ஒப்படைக்கப் பத்து நாளே இருந்தது. உதவித்தொகையில் மாதந்தோறும் எடுத்து வைத்த பணம் முழுவதும் அப்பொறியில் அடங்கிவிட்டது. பலகை பேசவில்லை. பக்கத்து அறையிலிருந்து இன்னொரு பலகை வாங்கிச் செருகினார், அதுவும் பேசவில்லை. முன்பக்கம் செருகினார், பின்பக்கம் செருகினார்; பயனில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொல்ல, "மதர்போர்டு போய்விட்டது, புதிதாகப் போட 9,000 ரூபாய் ஆகும்" என்று பார்க்காமலே விடை வந்தது.

"அண்ணா, இரண்டு பலகை, இரண்டு இடம், நான்கு தடவை பார்த்துவிட்டேன். இனி என்ன சந்தேகம்?" என்றார் அவர். கேட்பதற்குத் தருக்கம் குற்றமற்றதாகவே தோன்றும். கேபினெட்டைத் திறந்தோம். முன்பக்கக் கம்பி எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் அவர் செருகிய ஒரே ஒரு வாயினுள் தகட்டு நாக்கு ஒன்று புகுந்திருந்தது. அதற்கு அடுத்த வரிசையில் இருந்த வாயில் அதே பலகையைச் செருகினோம்; டெல் விசைக்குப் பயாஸ் திறந்தது. பின்னர்த் தாய்ப்பலகையைக் கழற்றி, நாக்கை நிமிர்த்தி, முறைப்படி அமைத்தோம். செலவு, ஒரு மாலை நேரம்.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு சோதனை செய்ததாக அவர் எண்ணினார். உண்மையில் அவர் சோதித்தவை, அடைபட்ட இரு வழிகளே. அடைபட்ட வழியில் எத்தனை பலகையை அனுப்பினாலும் விடை ஒன்றுதான். சோதனைகளின் எண்ணிக்கையை விட அவற்றின் வேறுபாடே பெரிது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுவது நன்றாக இருப்பதாக வேறிடத்தில் கண்டறிந்த பொருளாக இருக்க வேண்டும்.

பயாஸின் நினைவை அழித்தல்

நல்ல பலகையை நல்ல வாயில் செருகியும் பயாஸ் திறவாவிடின், பயாஸின் அமைப்பையே ஐயுற வேண்டும். ஃபாஸ்ட் பூட் என்னும் விரைவுத் தொடக்கம் அதில் உண்டு. சில விநாடிகளை மிச்சப்படுத்த, யு.எஸ்.பி. கருவிகளைத் தேடும் வேலையைப் பயாஸ் விட்டுவிடும். டெல் விசையை எவ்வளவு அழுத்தினாலும் கேட்பார் இல்லை. ஆனால் விண்டோஸ் ஏறியதும் அதே பலகை நன்றாகப் பேசும். அவ்வாறாயின், விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் என்பதைச் சொடுக்கினால் தோன்றும் பட்டியல் வழியாகப் பயாஸுக்குள் சென்று, விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிடலாம்.

விண்டோஸே இன்னும் நிறுவப்படாதபோது, பயாஸின் நினைவை அழிக்க வேண்டும். சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றுக. இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிடுக. தாய்ப்பலகையில் இதற்கென உள்ள இரண்டு ஊசிகளை, கையேட்டில் காட்டியபடி ஜம்பராலோ திருப்புளி முனையாலோ சில விநாடி இணைத்து எடுக்க வேண்டும். அவை புலப்படாவிடின், பலகையில் உள்ள சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் நாணய மின்கலத்தைச் சில நிமிடம் கழற்றி வைத்து மீண்டும் பொருத்தலாம். நாளும் நேரமும் அழியும். அவற்றைத் திரும்ப அமைத்துக்கொள்ளலாம். கேபினெட்டினுள் கை வைக்குமுன் அதன் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுதல் நன்று. வடபுலத்துக் குளிரில் கம்பளிச் சட்டை அணியும் நமக்கு இது மிகவும் தேவை. சென்னையின் ஈரக்காற்றில் இத்தொல்லையை நாம் அவ்வளவாகக் கண்டதில்லை.

மூன்றாம் நிலை: நிறுவும் வேளையில்

பயாஸில் நன்றாகப் பேசிய பலகை, விண்டோஸை நிறுவத் தொடங்கியதும் ஊமையாகிறதா? அங்கே கருவியில் பழுதில்லை. கேள்வி கேட்பவர் மாறிவிட்டார் என்பதே பொருள். இதற்குப் புகழ்பெற்ற சான்று விண்டோஸ் 7. அது 2009-இல் வந்தது. யு.எஸ்.பி. 3.0 வகைக் கட்டுப்பாட்டுச் சில்லோடு பேசும் நிரல் அதனுள் இல்லை. அப்போது அது குறையாகத் தெரியவில்லை. பழைய வகைச் சில்லும் எல்லாப் பொறிகளிலும் உடனிருந்தது. 2015-இல் இன்டெல் வெளியிட்ட 100 வரிசைச் சிப்செட்டுகளில் அப்பழைய சில் நீக்கப்பட்டது. விளைவு, புதுப் பொறியில் விண்டோஸ் 7-ஐ நிறுவ முனைந்தவர் முதல் திரையிலேயே பலகையும் மௌஸும் இழந்து நின்றனர். பலகையைக் குறை கூறினர். தாய்ப்பலகையைக் குறை கூறினர். இரண்டும் நிரபராதிகளே.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரி 14-இல் நின்றுவிட்டது. புதிதாக அதை ஏற்றுதல் அறிவுடைமை அன்று. ஆயினும், ஆய்வுக்கூடத்தில் பழைய அளவைக் கருவி ஒன்றுக்காக அதையே நாட வேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அவர்கள் பி.எஸ்/2 பலகையைக் கொண்டு நிறுவலாம்; அல்லது உரிய நிரலை நிறுவும் வட்டிலேயே முன்கூட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பொறியை வலைத்தொடர்பின்றி வைத்தல் நலம். விண்டோஸ் 8 முதற்கொண்டும், லினக்ஸில் 2009 முதற்கொண்டும், இந்நிரல் உள்ளேயே இருப்பதால் பிறருக்கு இத்தொல்லை இல்லை.

நான்காம் நிலை: விண்டோஸ் ஏறிய பின்

பயாஸில் பேசி, நிறுவும் வேளையிலும் பேசி, விண்டோஸில் கடவுச்சொல் கேட்கும்போது பலகை மௌனமானால், குறை பெரும்பாலும் நிரலில்தான். உள்ளே செல்ல வழியில்லையே என்று கலங்க வேண்டா. அத்திரையின் வலது கீழ் மூலையில் அணுகல் உதவிக்கான குறி உண்டு. மௌஸால் அதைச் சொடுக்கினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை விரியும். அதில் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொடுக்கி உள்ளே சென்றுவிடலாம்.

உள்ளே சென்றபின் இரண்டைக் காண்க. வலது ஷிஃப்ட் விசையை 8 விநாடி அழுத்திப் பிடித்தால், ஃபில்டர் கீஸ் என்னும் ஏற்பாட்டை இயக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்க்கென அமைந்த நல்ல ஏற்பாடு அது. தெரியாமல் ஆம் என்றுவிட்டால், சுருக்கமாக அழுத்தும் விசைகளைப் பொறி பொருட்படுத்தாது. பலகை செத்துவிட்டது போலவே தோன்றும். அதை நிறுத்தினால் போதும். மற்றொன்று, டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியலில் விசைப்பலகையின் பெயரை நீக்கிவிட்டுப் பொறியை மறுமுறை இயக்குதல். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டு மீண்டும் பதிந்துகொள்ளும்.

ஐயம் தீராவிடின், பென் டிரைவில் உள்ள லினக்ஸைக் கொண்டு பொறியை இயக்கிப் பாருங்கள். வட்டில் எதையும் மாற்றாமல் அது ஓடும். அங்கே பலகை பேசினால் கருவிகள் யாவும் நலமே. விண்டோஸைத் திருத்தினால் போதும். அங்கும் பேசாவிடின் கருவிப் பக்கம் திரும்புக. ஒரு ரூபாயும் செலவின்றி, நிரலா கருவியா என்னும் வழக்கைத் தீர்த்துவைக்கும் நடுவர் இது.

கடைக்குச் செல்லுமுன்

எல்லாம் நம்மாலேயே தீரும் என்று நான் கூறவில்லை. பழுதான தாய்ப்பலகையும் விற்பனைக்கு வருவதுண்டு. வேறு பொறியில் நன்றாகப் பேசும் எளிய கம்பிப் பலகை இரண்டு, பின்பக்கத்து வாய்கள் அனைத்திலும் மௌனமாக இருந்து, பயாஸின் நினைவை அழித்த பின்பும் நிலை மாறாவிடின், தாய்ப்பலகையைத் துணிந்து ஐயுறலாம். அப்போதும் காலந்தாழ்த்துதல் கூடாது. மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட நாட்கள் குறைவு. அவை கடந்தால் கம்பெனியின் சேவை நிலையத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ரசீது, பெட்டி, பெட்டியின் மேலுள்ள தொடர் எண் ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது, "பலகை வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். எந்த நிலையில் மௌனமாகிறது, எந்தெந்த வாயில் செருகினீர்கள், எந்தப் பலகையால் சோதித்தீர்கள், நம் லாக் விளக்கு மாறியதா என்பவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். மொழி புரியாத ஊரில், வயதில் இளைய மாணவரை எவரும் எளிதில் மடக்கிப் பேசிவிடலாம். ஒழுங்காக எழுதிய தாளை மடக்குவது அவ்வளவு எளிதன்று. இந்தி தடுமாறும் நம்மவர்க்கு அத்தாளே நல்ல வழக்கறிஞர்.

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். மன்ற அறையின் அலமாரியில் எளிய கம்பி விசைப்பலகை ஒன்று, பி.எஸ்/2 பலகை ஒன்று, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று, திருப்புளி ஒன்று ஆகிய நான்கையும் எப்போதும் வைத்திருக்கலாம். புதுப் பொறி அமைக்கும் உறுப்பினர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, மறுநாள் திருப்பித் தரலாம். இவற்றின் விலை சிறிது; ஓர் உறுப்பினரின் உதவித்தொகை வீணாகாமல் ஒரு முறை காத்துவிட்டாலும் அவ்விலை மீண்டுவிடும்.